வாடகைக்கு விட வீடு வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் எனக்கு வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு ஃபிளாட்டும், நான்கு போர்ஷன் உள்ள ஒரு பழைய லைன் வீடும் இருக்கின்றன. இரண்டையும் வங்கிக் கடனில்தான் வாங்கினேன். அதனால் சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள் என்று வீடு பார்க்கத் தொடங்கும் பலரும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எனக்குப் போன் செய்வார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

வாடகையே இ.எம்.ஐ-யைக் கட்டிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு படுக்கையறை ஃபிளாட், கைமாறி வருவது, விலை 60 லட்சம். கடன் 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். இ.எம்.ஐ சுமார் 34,700 ரூபாய். அந்த வீட்டுக்கு 16,000 ரூபாய் வாடகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். ஆள் மாறும்போது வெள்ளையடிக்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும். பதினொரு மாத வாடகை 1,76,000. சொத்து வரிக்கு 5,000, மராமத்துக்கு 15,000 கழித்தால் கையில் நிற்பது 1,56,000. இ.எம்.ஐ-யோ வருடத்துக்கு 4,16,000-க்கு மேல். அதாவது மாதாமாதம் ஏறத்தாழ 21,700 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

இதனால் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த 21,700-ஐ இருபது வருடம் போட முடியுமா, பிள்ளைகளின் படிப்புச் செலவு வரும்போதும் போட முடியுமா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். வாடகை வருவாயைப் பார்க்கும்போது வீட்டு விலையை மட்டும் எடுக்காமல் பதிவுச் செலவையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன வீட்டில் அது இரண்டரை சதவீதத்தைக்கூடத் தொடாது. மீதி லாபமெல்லாம் நிலத்தின் விலை ஏறுவதை நம்பித்தான்.

கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம் வரை, அதற்கு மேல் 75 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம். இது உச்சவரம்பு. கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் போன்றவற்றை அந்த மதிப்பில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள், அதெல்லாம் கைப்பணம்தான்.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது; அதைக் குறைத்தபோதே வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை, ஏற்றிவிட்டார்கள். 60 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 5,40,000. பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது ஃபிளாட்டுக்கு 2023 டிசம்பர் முதல் கூட்டு மதிப்பு முறை (நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகக் கணக்கிடுவது) வந்திருக்கிறது; அதில் தீர்வை கொஞ்சம் குறைவு. ஆனால் கட்டி முடிப்பதற்கு முன் வாங்கினால் ஜி.எஸ்.டி 5 சதவீதம் சேரும். கட்டுமான நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது.

இவை போக, வீட்டுப் பத்திரங்களைக் கடனுக்கு ஈடாக ஒப்படைத்தோம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்துக்கு ஒரு செலவு, வழக்கறிஞர், மதிப்பீட்டுப் பொறியாளர், புரோக்கர் கமிஷன். அப்புறம் ஆறு மாத இ.எம்.ஐ-யைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வாடகை வருவதற்கே இரண்டு மூன்று மாதம் ஆகும் வீடுகள் உண்டு.

ஃபிளாட்டா, தனி வீடா, லைன் வீடா?

என்னைக் கேட்டால், வாடகைக்கென்றே வாங்குபவர் லைன் வீட்டையும் போர்ஷன் வீட்டையும் ஒதுக்கிவிடக் கூடாது. நான்கு போர்ஷன், ஒவ்வொன்றும் 6,000 என்றால் மாதம் 24,000. ஒரு போர்ஷன் காலியானாலும் மூன்று ஓடும். ஃபிளாட் காலியானால் முழுதும் காலி. லைன் வீட்டில் நிலம் முழுக்க உங்களுடையது. ஃபிளாட்டில், எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் ஒரு பிரிபடாத பங்கு மட்டும்தான். 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 350 சதுர அடி நிலம் வருகிறதா 500 வருகிறதா என்று பத்திரத்தில் பாருங்கள், அதுதான் முப்பது வருடம் கழித்து மிஞ்சப் போவது.

லைன் வீட்டில் சிரமமும் உண்டு. மோட்டார் ரிப்பேர் என்றால் நான்கு வீட்டிலிருந்தும் போன் வரும். ஒரே மீட்டரில் நான்கு வீடு ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லில் சண்டை நிச்சயம். வாங்கியவுடன் நான் செய்த முதல் வேலை தனித்தனி மின் இணைப்புக்கு விண்ணப்பித்ததுதான். இன்னொன்று, அனுமதி வரைபடம் இல்லாத பழைய கட்டடத்துக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கும். சில நேரம் நில மதிப்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு குறைவாகக் கொடுப்பார்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மழை பெய்து முடிந்த மறுநாள் போங்கள். லைன் வீட்டை நான் முதலில் பார்த்தது பங்குனி வெயிலில். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, பளிச்சென்று இருந்தது. ஐப்பசியில் இரண்டாம் முறை போனபோது மூன்றாவது போர்ஷனின் பின்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. அங்கே குடியிருந்த அம்மா அரிசி மூட்டையைப் பலகை போட்டு அதன்மேல் வைத்திருந்தார். அந்தச் சுவரைக் காட்டித்தான் விலையில் ஒன்றரை லட்சம் குறைத்துப் பேசினேன்.

வங்கி எனக்கு எவ்வளவு கடன் தரும்? வரப்போகும் வாடகையை வருமானமாக எடுத்துக்கொள்வார்களா?

எல்லா இ.எம்.ஐ-யும் சேர்ந்து உங்கள் மாத வருமானத்தில் பாதியைச் சுற்றி இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே கார் கடன், நகைக் கடன் இருந்தால் அந்த அளவுக்கு இது குறையும். வாடகையில் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளும் வங்கிகள் உண்டு, ஆனால் ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் வாடகை வந்த தடமும் கேட்பார்கள். கையில் வாங்கும் வாடகை கணக்கில் வராது. அதனால் இப்போது இருக்கும் வாடகையைக் கணக்கிலேயே வாங்கப் பழகுங்கள்.

கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் கூட்டாக வாங்கலாம். கடனில் மட்டும் பெயர் போட்டால் போதாது, பத்திரத்திலும் இருவர் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. ஒன்றுக்கு மேல் வீட்டுக் கடன் இருந்தால் பல வங்கிகள் வட்டியைக் கொஞ்சம் கூட்டும். முன்பணத்துக்கு நகையை வைத்தோ தனிநபர் கடன் எடுத்தோ போடுவதை மட்டும் செய்யாதீர்கள். வாடகை வீட்டை இரண்டு கடன்களின் மேல் நிறுத்தினால் ஒரு மாதம் வாடகை வராமல் போனாலே ஆட்டம் கண்டுவிடும்.

வட்டி ஏறினால் என்ன செய்வது?

ஏறும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. ஒரு வருடம்கூட ஆகவில்லை. 6.75 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவருக்கு இ.எம்.ஐ சுமார் 30,400. வட்டி 9.25 ஆனபோது அவர் கட்டும் 30,400-உம் ஏறக்குறைய முழுதாக வட்டிக்கே போயிற்று, அசல் அசையவில்லை. இ.எம்.ஐ-யை ஏற்றாமல் தவணைக் காலத்தை மட்டும் நீட்டினால் இப்படித்தான் ஆகும். வட்டி மாறும்போது தொகையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் பெயரில் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. போனஸ் வந்தாலும் சீட்டு எடுத்தாலும் அசலில் போடலாம்.

வங்கி வழக்கறிஞரே பத்திரம் பார்த்துவிட்டார். நான் தனியாகப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு. வீடு உங்களுடையது.

ஈ.சி. என்கிற வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது வருடத்துக்குப் பதிவுத் துறை இணையதளத்திலேயே போட்டுப் பாருங்கள். ஆனால் ஈ.சி. சுத்தமாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்கக் கூடாது. பதிவான ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத ஒத்தி (மாத வாடகைக்குப் பதிலாக மொத்தத் தொகை கொடுத்துக் குடியிருப்பது), பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கும் பாகப் பிரிவினை வழக்கு இவை எல்லாம் அதில் வராமல் போகலாம்.

மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அறுபடுவது ஒரே இடத்தில்தான்: அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பிகள் மட்டும் பிரித்துக்கொண்டு, அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்காமல் விட்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும் பிறகு 2005 மத்தியச் சட்டமும் இந்துக் குடும்பங்களில் மகள்களுக்கு மகன்களோடு சம பங்கு கொடுத்திருக்கின்றன. வாரிசுச் சான்றில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். “அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார்” என்று விற்பவர் சொன்னால், அப்படியானால் கையெழுத்துப் போடுவதில் அவர்களுக்கு என்ன தயக்கம் என்று கேளுங்கள். நான் ஒரு நல்ல வீட்டை இதற்காகவே வாங்காமல் விட்டிருக்கிறேன். சென்னையிலிருந்த மூத்த மகள் வரவே இல்லை.

பட்டா யார் பெயரில் இருக்கிறது, சர்வே எண்ணும் பரப்பளவும் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்பதை அடுத்துப் பாருங்கள். பத்திரத்தில் 2,400 சதுர அடி என்று இருக்கும். சர்வேயரை வைத்து அளந்தால் 2,250 வரும். அளந்த பிறகே விலையை முடியுங்கள். மனை அங்கீகாரம் பெற்றதா என்பதும் முக்கியம். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவாக இருந்தால், அதைப் பின்னால் முறைப்படுத்தியதற்கான வரன்முறை உத்தரவைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை மனதில் வைத்துத்தான் அந்தத் திட்டம் வந்தது.

புது அடுக்குமாடி என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைச் சரிபாருங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் பதிவு கட்டாயம். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். அப்படியே வாங்கலாமா?

வாங்கலாம், முதல் நாளிலிருந்தே வாடகை வரும். ஆனால் விற்பவர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வராமல் நீங்களே கதவைத் தட்டிப் பேசுங்கள். என் லைன் வீட்டை விற்றவர், நான்கு போர்ஷன்காரர்களும் மாத வாடகைக்கு இருப்பதாகத்தான் சொன்னார். கடைசிப் போர்ஷனில் இருந்த பெரியவரிடம் “ஐயா, வாடகை எவ்வளவு தர்றீங்க?” என்று கேட்டேன். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, நான்காக மடித்த இருபது ரூபாய் முத்திரைத்தாளைக் கொண்டுவந்தார். இரண்டு லட்சத்துக்கு ஒத்தி. வாடகை கிடையாது, வெளியேறும்போது இரண்டு லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். பதிவாகாத ஒப்பந்தம், ஈ.சி-யில் ஒரு வரி இல்லை. கிரயத் தொகையில் அதைக் கழித்து, பெரியவருக்கு என் முன்னாலேயே காசோலை கொடுக்க வைத்தேன். அவரே இப்போது மாத வாடகைக்கு அதே வீட்டில் இருக்கிறார்.

போக்கியம், லீஸ் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்தப் பெயராக இருந்தாலும் அது வீட்டின் மேல் நிற்கும் கடன். மற்ற வாடகைதாரர்கள் கொடுத்த முன்பணங்கள் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்கி, உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

“பாதியை ரொக்கமாகக் கொடுங்கள், பத்திரத்தில் குறைத்துப் போடலாம்” என்கிறார் விற்பவர்.

வேண்டாம். வீடு, நிலப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. நமக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு: பத்திர மதிப்பு, பொறியாளர் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் வங்கி கடன் தரும். நாளை விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து, விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியும் கூடும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்கான வருமான வரியை முன்கூட்டியே பிடிப்பது) பிடித்து விற்பவரின் பான் எண்ணில் நீங்கள் கட்ட வேண்டும். பலர் இதை மறந்து நோட்டீஸ் வந்த பிறகு ஓடுகிறார்கள். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் கணக்கே வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வங்கி ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே?

கிடைக்கும். ஆனால் இருக்கிற நிலையில் அப்படியே என்று விற்பார்கள். உள்ளே ஆள் இருந்தால் அவரை வெளியேற்றும் பாடு, பழைய சொத்து வரி, பராமரிப்புப் பாக்கி எல்லாம் உங்கள் தலையில் விழலாம். ஏலம் எடுத்தவுடன் 25 சதவீதம் கட்ட வேண்டும், மீதியை உறுதிசெய்த 15 நாளில். அதற்குள் புதுக் கடன் கைக்கு வருவது கஷ்டம். முழுப் பணம் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன். சாவி வங்கியின் கையில் இருக்கிறதா, காகிதத்தில் மட்டும் சுவாதீனமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்காமல் சொந்த வீட்டின் மேல் மாடி கட்டி விட்டால்?

பல குடும்பங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி என்று நினைக்கிறேன். நிலத்துக்குக் காசில்லை, பதிவுச் செலவில்லை. போடும் பணத்துக்கு வாடகை விகிதம் ஃபிளாட்டைவிட மேலாக இருக்கும். வீட்டுக் கட்டுமானக் கடனை வங்கி வேலை நடக்க நடக்கத் தவணையாகத் தரும். கீழ்த்தளத்தின் அஸ்திவாரம் தாங்குமா என்று ஒரு பொறியாளர் எழுதித் தரட்டும். அனுமதி வாங்காமல் கட்டினால் கடனும் கிடைக்காது, பின்னால் விற்பதும் சிரமம். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. மாடிக்குப் படியை வெளியே வையுங்கள்.

வாடகைக்கு வருமான வரி எப்படி?

வாங்கிய வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை மராமத்துக்கென்று கழிக்கலாம், பில் தேவையில்லை. அதற்குப் பின் கடன் வட்டி. முதல் கேள்வியில் சொன்ன வீட்டையே எடுத்தால், 1,76,000-இல் 5,000 போக 1,71,000. அதில் 30 சதவீதம் போக 1,19,700. முதல் வருட வட்டி சுமார் 3,37,000. ஆக 2,17,000 ரூபாய் நஷ்டம் காட்டும்.

பழைய வரிமுறையில் இதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம், மீதியை எட்டு வருடம் வரை எடுத்துச் சென்று வீட்டு வருமானத்தில் கழிக்கலாம். புதிய வரிமுறையில் வாடகை வருமானம் பூஜ்யம் ஆகும் வரைதான் வட்டி கழியும், நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. “வீட்டுக் கடன் வாங்கினால் வரி மிச்சம்” என்று யாராவது சொன்னால் எந்த முறையை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் வாங்க முடியுமா?

வெளிநாடு வாழ் இந்தியர் வீடும் ஃபிளாட்டும் வாங்கலாம்; விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. பவர் பத்திரத்தை அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிட வேண்டும். பவரில் வாங்கும் அதிகாரத்தை மட்டும் எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைத் தம்பியாகவே இருந்தாலும் சேர்க்காதீர்கள். உங்களுக்கு வாடகை தருபவர் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தம் போட்டால் போதாதா? முன்பணம் எவ்வளவு வாங்கலாம்?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். மாதக் கணக்கு எதுவானாலும் இதுதான் விதி. வாடகைதாரர் காலி செய்யாமல் நின்றால் பதிவான ஒப்பந்தம்தான் உங்களுக்குத் துணை. முன்பணத்துக்கு அந்தச் சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் வாங்கும் சென்னை வழக்கம் இன்னும் ஓடுகிறது; நான் மூன்றுதான் வாங்குகிறேன். அதையும் செலவு செய்யாமல் தனி வைப்புத் தொகையில் போட்டுவிடுவேன், ஆள் கிளம்புகிற அன்று மாலையே எண்ணிக் கொடுத்துவிட வேண்டும் என்பதற்காக. தகராறு எதுவானாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது, சட்டமே தடுக்கிறது.

கடன் முடிந்தால் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும்; தாமதம் வங்கியினுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் விதி. கடன் எடுத்த அன்று கொடுத்த ஆவணங்களின் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள், ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்க அதுதான் உதவும். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒப்படைப்புப் பத்திரத்துக்கான ரசீது ஆவணத்தை வங்கி பதிந்து தர வேண்டும். அதை விட்டுவிட்டால் ஈ.சி-யில் கடன் அப்படியே நின்றுகொண்டிருக்கும். என் ஃபிளாட்டுக்கு இதைச் செய்யப் போனபோது, கடன் கொடுத்த கிளையே வேறு கிளையோடு இணைந்துவிட்டிருந்தது. அதிகாரியை அழைத்து வர நான்கு முறை அலைந்தேன். பதிந்து ஒரு வாரம் கழித்து ஈ.சி. போட்டு, அந்தக் கடைசி வரி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.